படைவீரரா, சயாம் கூலியா? – முன்னோர் தேடலும் ப. சிங்காரத்தின் நாவல்களும்

கடல் கடந்து குடியேறிய தம் பாட்டனார் இந்திய தேசிய இராணுவத்தை ஆதரித்தவர் என்று நிறுவும் முயற்சி, தமிழ்க் குடும்ப வரலாற்றெழுத்தில் காணப்படும் போக்குகளுள் ஒன்று. இம்முயற்சிக்குச் சான்றாக ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) எடுத்தாளப்படுவதுண்டு. அந்நாவல் அத்தகைய சான்றாக அமையுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவை மும்பை மான்குர்த்திலிருந்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு. மான்குர்த்திலும் அதனையடுத்த சீத்தா கேம்பிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, திருநெல்வேலி முதலிய தென்மாவட்டங்களை வேராகக் கொண்டவை. அம்மாவட்டங்களே மலேயாவுக்கும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் ஆட்களை அனுப்பின. ஆகவே இங்குள்ளோர்க்குப் பினாங்கோ இரங்கூனோ அயலன்று. ஆனால் 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனி இடிக்கப்பட்டு அங்கிருந்தோர் சீத்தா கேம்புக்கு மாற்றப்பட்டனர். வீடே பெயர்க்கப்பட்ட குடும்பத்தில் பாட்டனாரின் கடிதமோ புகைப்படமோ எஞ்சுவது அரிது. தாள் இல்லாத இடத்தில் வாய்மொழி நிற்கிறது; வாய்மொழி தளரும் இடத்தில் நாவல் துணைக்கு அழைக்கப்படுகிறது.

அரசு ஆவணங்களும் இவ்விடைவெளியை முழுமையாக நிரப்புவதில்லை. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15இல் வீழ்ந்தபின் படையில் சேர்ந்த போர்க்கைதிகளுக்குப் பிரிட்டிஷ் இந்திய இராணுவப் பதிவுகள் முன்பே இருந்தன. சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் தலைமையேற்றபின் பெருமளவில் சேர்ந்த தோட்டத் தமிழர்க்கு அத்தகைய முன்பதிவு இல்லை. போர் முடிந்ததும் படையினரை விசாரித்த பிரிட்டிஷார் அவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு எனத் தரம் பிரித்தனர். பற்றின் அளவை எதிரியே குறித்துவைத்த விந்தை இது. 1972இல் வந்த விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டமோ சிறைவாசத்தின் கால அளவையே முதன்மைச் சான்றாகக் கொண்டது. அரிசி கொடுத்தவர், நகை கழற்றித் தந்தவர், செய்தி சுமந்தவர் ஆகியோர்க்கு இவ்வளவைகளில் இடமில்லை.

இந்நிலையில் சிங்காரத்தின் முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' (1959) கூடுதல் கவனம் பெறத்தக்கது. படையிலிருந்து திரும்பிய செல்லையா, வட்டிக்கடை முதலாளியின் மகளை மணக்க விரும்புகிறான். துப்பாக்கி ஏந்திய கை இனிக் கணக்குப் பேரேட்டுக்கு ஆகாது என்பது முதலாளியின் எண்ணம்; மணம் நிகழவில்லை. இன்றைய பேரன் பெருமையாகத் தேடும் அதே செய்தி, அன்றைய வணிகக் குடும்பத்தில் மாப்பிள்ளைக்குரிய குறையாகக் கருதப்பட்டிருக்கிறது. பல வீடுகளில் பாட்டனார் இது குறித்து வாய் திறவாமைக்கு அடக்கம் மட்டுமே காரணமன்று என்பதை இந்நாவல் உணர்த்துகிறது. திறனாய்வாளர் பலர் இதனைப் பிற்பட்ட பெருநாவலுக்கான பயிற்சியாக மட்டும் கருதிக் கடந்து செல்வது பொருத்தமாகத் தோன்றவில்லை.

'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியன் இன்னும் இடர்ப்பாடான முன்னோன். மெடானில் தொடங்கிப் பினாங்கு வழியே படையில் சேர்ந்து, பின் சுமத்ராவில் டச்சு ஆட்சிக்கு எதிரான இந்தோனேசியப் போராளியாகி அங்கேயே மடிகிறான். எந்த நாட்டின் தியாகியர் பட்டியலில் அவனைச் சேர்ப்பது? அதனினும் முக்கியமானது, தமிழரின் பழம்பெருமைப் பேச்சைப் பாண்டியனும் அவன் நண்பர்களும் எள்ளி நகையாடும் உரையாடல்கள். முன்னோர் பெருமையையே கேலி செய்யும் நாவலை முன்னோர் பெருமைக்குச் சான்றாக்குவது நூலின் போக்குக்கு நேர்மாறான வாசிப்பு. சாகசமும் சலிப்பும் இலட்சியமும் பிரித்தறிய இயலாதவாறு கலந்த ஒரு மனத்தையே சிங்காரம் படைத்தார். 'ஆதரவு' என்ற ஒற்றைச் சொல் அம்மனத்துக்குப் போதாது.

சிங்காரத்தின் எல்லையும் சுட்டப்பட வேண்டும். அவருடைய உலகம் கடைத்தெரு, வட்டிக்கடை, தொங்கான் ஆகியவற்றின் உலகம். ரப்பர்த் தோட்டம் அதன் மையத்தில் இல்லை. தோட்டத்துக்கு மலேசியத் தமிழ் நாவல்களையே நாட வேண்டும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' சயாம்–பர்மா இருப்புப்பாதையைக் களமாகக் கொண்டது. அ. ரெங்கசாமி அப்பாதையை 'நினைவுச்சின்ன'த்திலும், இந்திய தேசிய இராணுவத்தை 'இமயத் தியாக'த்திலும் எழுதினார். நூல்கள் இரண்டு, அவற்றின் மாந்தர் வெளிவந்த தோட்டமோ ஒன்றே. 415 கி.மீ. நீளமுள்ள அப்பாதைக்கு ஜப்பானியர் தோட்டங்களிலிருந்து தமிழரைப் பிடித்துச் சென்றனர். சயாமுக்குத் தப்பவே இளைஞர் சிலர் படையில் பெயர் கொடுத்ததாக அக்காலத்தவர் நினைவுகூர்ந்துள்ளனர். அவ்வாறெனில் புரட்சியை ஆதரித்தவர், கூலிப்பிடிப்பிலிருந்து தப்பியவர் என இருவரைத் தேடவேண்டியதில்லை. அவர் ஒருவராகவே இருந்திருக்கலாம்.

காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லறைகள் உள்ளன. அதே பாதையில் இறந்த தமிழ்த் தொழிலாளர்க்குப் பெயர் பொறித்த இத்தகைய வரிசை இல்லை. திரும்பி வராத பாட்டனாரை 'நேதாஜி படையில் போனவர்' என்று பேரன் எழுதும்போது, சான்றில்லாப் பெருமை ஒன்று கூடுவதோடு, சயாமில் இறந்த ஒருவர் இரண்டாம் முறை மறைகிறார்.

இப்படை நிர்ப்பந்தத்தால் மட்டுமே திரண்டது என்பது இதன் பொருளன்று. கோலாலம்பூரின் வசதியான குடும்பத்தில் பிறந்த ஜானகி தேவர், பதின்பருவத்தில் போஸின் உரையைக் கேட்டு நகைகளைக் கொடுத்து ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். அவருக்குச் சயாம் அச்சம் இருந்திருக்க இயலாது. ஆனால் அவருடைய தெரிவைத் தோட்டத்துப் பெண்ணின் தெரிவோடு ஒரே சொல்லால் குறிப்பது ஆய்வாகாது.

ஆகவே மான்குர்த்தில் தாளின்றித் தேடுவோர், 'தாத்தா படையில் இருந்தாரா?' என்று மட்டும் மூத்தோரிடம் கேட்பது போதாது. எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, 1938இல் இந்திய அரசு மலேயாவுக்கான உதவிபெற்ற கூலிப் பயணத்தைத் தடை செய்வதற்கு முன் சென்றாரா, 1942க்குப்பின் ஊருக்குப் பணம் வந்ததா, உடன் சென்ற தம்பி என்னவானார், ஆச்சி எந்த ஆண்டு தாலியைக் கழற்றினார் என்பனவற்றையும் கேட்க வேண்டும். இவற்றுள் கடைசி வினாவுக்கு நினைவிலிருந்தே விடை கூறவல்லோர் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர்.