குட்வில் யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வருகிற ரியல் எஸ்டேட் இணைப்பை நீங்கள் எப்படிப் படிப்பீர்களோ, நான் இலக்கியமாகத்தான் படிக்கிறேன். அதில் கதாநாயகன் உண்டு, கற்பனை உண்டு, உவமைக்குப் பஞ்சமே இல்லை. வில்லன் மட்டும் (வில்லங்கம் என்றும் படிக்கலாம்) கடைசிப் பக்கம் வரை தலைகாட்ட மாட்டான்!

இந்த வாரம் விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது அந்த இலக்கியத்தின் ஒரு தனிக் கிளை. பழைய பேட்டையில் புது ஃப்ளாட். எல்லா ஊரிலும் இப்படி ஒரு பேட்டை இருக்கிறது. நமக்கு நன்றாகத் தெரிந்த மயிலாப்பூரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூர் ஃப்ளாட் விளம்பரங்களுக்கு ஏறக்குறைய ஒரே பல்லவிதான். கோயில் நடக்கிற தூரம், தெப்பக்குளம் நடக்கிற தூரம், சபா நடக்கிற தூரம், ரயில் நடக்கிற தூரம். விலை மட்டும் எட்டாத தூரம்.

இதில் பொய் இருக்கிறதா என்றால், இல்லை. அதுதான் விசேஷம். தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கிக்கொண்டு, அப்படியே கோயிலைச் சுற்றி வந்து, காளத்தி கடையில் ஒரு ரோஸ்மில்க் குடித்துவிட்டு, பாரதிய வித்யா பவனில் கச்சேரியும் கேட்டுவிட்டு வீடு திரும்பலாம். வண்டியை எடுக்கவே வேண்டாம். நவராத்திரிக்கு முன்னால் வடக்கு மாட வீதி பிளாட்பாரம் முழுக்க கொலு பொம்மைகள். பங்குனியில் அறுபத்து மூவர். பறக்கும் ரயில் 1997-லேயே திருமயிலைக்கு வந்துவிட்டது. இரண்டாம் கட்ட மெட்ரோவில் இரண்டு தடங்கள் சந்திக்கப் போவதும் இங்கேதான். இத்தனையும் உண்மை.

என் கேள்வி வேறு. இத்தனையையும் விற்கிறவர் யார்? இதெல்லாம் அவருடைய சரக்கா?

நான் படித்தது பி.காம். அதில் 'குட்வில்' என்று ஒரு சமாசாரம் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு கடையை விலைக்கு வாங்குகிறீர்கள். கடையில் இருக்கும் மேஜை, நாற்காலி, சரக்கு எல்லாவற்றுக்கும் விலை போட்டால் பத்து லட்சம். ஆனால் கடைக்காரர் கேட்பது பதினைந்து லட்சம். அதிகப்படியான ஐந்து லட்சத்துக்குப் பெயர்தான் குட்வில். இருபது வருஷமாக அவர் சம்பாதித்து வைத்திருக்கும் நல்ல பெயருக்கு நீங்கள் கொடுக்கிற விலை. நியாயம்தான். பெயரைச் சம்பாதித்தவர் அவர், பணத்தை வாங்கிக்கொள்பவரும் அவர்.

இப்போது ஃப்ளாட்டுக்கு வாருங்கள். ஊருக்கு வெளியே முப்பது கிலோ மீட்டர் தள்ளிக் கட்டினாலும், மாட வீதிக்குப் பின்னால் கட்டினாலும் சிமென்ட் அதே சிமென்ட், கம்பி அதே கம்பி. விலை மட்டும் ஏன் மூன்று மடங்கு, நான்கு மடங்கு? மண்ணுக்கு என்பார்கள். மண்ணில் என்ன இருக்கிறது? தங்கமா? அந்த மண்ணிலிருந்து நாலு நிமிஷம் நடந்தால் வருகிற தெருவுக்குத்தான் அந்த விலை. அந்தத் தெருவை உண்டாக்கியவர்கள் பூ கட்டி விற்கிறவர்கள், சைக்கிளில் கீரை கொண்டுவருகிறவர்கள், அப்பளக் கடைக்காரர்கள், அயர்ன் வண்டி வைத்திருப்பவர்கள், வாசலில் கோலம் போட்டுவிட்டு நின்று பேசுகிறவர்கள். குட்வில் அவர்களுடையது. செக் மட்டும் பில்டர் பெயருக்குப் போகிறது!

பில்டரைத் திட்டுவது என் நோக்கமில்லை. அவர் வியாபாரம் செய்கிறார். நீங்களும் நானும் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குகிறோமா என்பதுதான் பிரச்னை.

பத்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். ரோஸ்மில்க் இருக்காது, கச்சேரி இருக்காது. 'பிரிபடாத பாகம்' என்று ஒன்று இருக்கும். யு.டி.எஸ். என்பார்களே, அதுதான். நிலத்தில் உங்கள் பங்கு. பி.காம் முதல் வருஷப் பாடம்: கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு, நிலத்துக்குக் கிடையாது. எனவே நீங்கள் வாங்குவதில் தேயாமல் மிஞ்சப்போவது அந்தப் பாகம் மட்டும்தான்.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடி. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உயரம் குறைந்த சாதாரண கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ.யை 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. ஆக, 9,600 சதுர அடி கட்டலாம். எட்டு வீடு என்றால் தலைக்கு 1,200 சதுர அடி. நிலத்தில் உங்கள் பங்கு 600. இதே மனையில் பழைய விதிப்படி ஆறு வீடு கட்டியிருந்தார்கள் என்றால் அங்கே தலைக்கு 800. பளபளக்கும் புது ஃப்ளாட்டைவிட, லிஃப்ட் இல்லாத அந்தப் பழைய ஃப்ளாட்டில் உங்களுக்கு 200 சதுர அடி நிலம் கூடுதல். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட வேண்டிய எண் இதுதான். பெரும்பாலும் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

இதே கணக்கில் இன்னொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. 2016-ல் வந்த ரெரா சட்டப்படி, மனை 500 சதுர மீட்டருக்குள், வீடுகள் எட்டுக்குள் என்றால் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. 500 சதுர மீட்டர் என்பது சுமார் 5,380 சதுர அடி. நம் இரண்டு கிரவுண்டு, எட்டு வீடு அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது! வாங்குபவர்களிடம் வசூலித்த பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைப்பது, வேலை எவ்வளவு முடிந்தது என்று வெளியிடுவது ஆகிய கட்டாயங்கள் எல்லாம் பதிவான திட்டங்களுக்குத்தான். புறநகரில் முந்நூறு வீடு கட்டுகிறவருக்கு இருக்கும் கடிவாளம், பழைய பேட்டையில் எட்டு வீடு கட்டுகிறவருக்கு இல்லை. நாம் என்னவோ, 'பழைய இடம் சார், நம்பி வாங்கலாம்' என்கிறோம்.

பழைய இடத்தில் பத்திரமும் பழசு. ஒரே வீட்டுக்கு சான் ஹோசேயில் ஒரு வாரிசு, சைதாப்பேட்டையில் ஒரு வாரிசு. தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை கொடுத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்த பாகப்பிரிவினையில் அக்கா தங்கைகள் கையெழுத்து போட்டிருக்கிறார்களா? இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தவிர, கோயிலைச் சுற்றி இருக்கும் பேட்டையில் கோயில் மனைகளும் இருக்கும். மனை சுவாமிக்கு, கட்டடம் மட்டும் உங்களுக்கு. விலை சல்லிசாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். 1959-ம் வருஷத்து அறநிலையத் துறைச் சட்டப்படி, துறையின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்பதும், ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடுவதும் செல்லாது.

சரி, பத்திரம் சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். விளம்பரத்தின் அடுத்த வரிக்கு வருவோம். எல்லாமே நடக்கிற தூரம் என்று பாடி முடித்த மறு வரியிலேயே, 'வீட்டுக்கு இரண்டு கார் பார்க்கிங்' என்று பெருமையடிக்கிறார்கள். இலக்கண ஆசிரியர் பார்த்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பார். எல்லாம் நடக்கிற தூரம் என்றால் இரண்டு கார் எதற்கு, ஐயா?

வெறும் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. முன்பு அந்த மனையில் இருந்த வீட்டுக்குத் தெருவை ஒட்டி ஒரு திண்ணை இருந்தது. அல்லது முன்னறையில் ஒரு தையல் கடை, மாவு மில். இப்போது தரைத்தளம் முழுக்கக் கார். தெருவுக்குக் கிடைத்தது ஒரு இரும்பு கேட், ஒரு சுவர், ஒரு செக்யூரிட்டி நாற்காலி. இப்படி ஒரு கட்டடம் வந்தால் பரவாயில்லை. ஒரு தெருவில் பதினைந்து வந்தால் அந்தத் தெருவில் நடக்க என்ன இருக்கிறது? சுவரைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம். கேட்டிலிருந்து வெளியே வருகிற காருக்காக ஒதுங்கி நிற்கலாம்.

இதை அமெரிக்காவில் ஒரு அம்மாள் 1961-லேயே எழுதிவிட்டார். பெயர் ஜேன் ஜேக்கப்ஸ். நகரத் திட்டப் படிப்பு எதுவும் படித்தவர் இல்லை, பத்திரிகைக்காரர். நியூயார்க்கில், கீழே கடை இருந்த ஒரு பழைய கட்டடத்தை 1947-ல் 7,000 டாலருக்கு வாங்கிக் குடியிருந்தார். அவர் சொன்னதின் சாரம் இதுதான்: தெரு உயிரோடு இருக்க அங்கே கடையும் வீடும் கலந்திருக்க வேண்டும், பழைய கட்டடங்களும் இருக்க வேண்டும், ஏனென்றால் சின்னக் கடைக்காரரால் அங்கேதான் வாடகை கொடுக்க முடியும். இன்னொன்றும் சொன்னார். நல்ல தெருவுக்கு எதிரி அதன் வெற்றிதான். எல்லாரும் அங்கேயே வர ஆசைப்பட, அதிக விலை கொடுக்கக்கூடிய ஒரே ஒரு வகைக் கட்டடம் மற்ற எல்லாவற்றையும் வெளியேற்றிவிடும். அவர் குடியிருந்த பேட்டையில் இன்றைக்கு அந்த மாதிரிக் கட்டடம் பல மில்லியன் டாலர். பத்திரிகைக்காரர் வாங்க முடியாது!

இதற்காகப் பழசெல்லாம் பொற்காலம் என்று பாடுகிற ஆள் நானில்லை. மெட்ராஸ் டெரஸ் ஒழுகுகிற வீட்டில் மழைக்கு அண்டா வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய், 'இடிக்காதீர்கள், அழகு போய்விடும்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதோடு, இந்த அழகான பேட்டையில் வாடகைக்கு வீடு தேடிப் போனால், 'சைவம் மட்டும்' என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். எந்த ப்ரோஷரும் அதை அச்சடிப்பதில்லை.

குட்வில்லுக்குச் சொந்தக்காரர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்? மயிலாப்பூருக்குப் பக்கத்தில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓரமாக இருந்த வீடுகளை 2022 மே மாதம் நீதிமன்ற உத்தரவைக் காட்டி இடித்தார்கள். இப்படி இடிக்கும்போது மாற்று வீடு கொடுப்பது பெரும்பாலும் பெரும்பாக்கம் மாதிரி தொலைவான இடங்களில். காலை ஐந்து மணிக்குப் பூவோடும் கீரையோடும் வந்து நிற்கவேண்டியவர், இரண்டு பஸ் மாறி எப்படி வருவார்? கூட்டு வியாபாரத்தில் பேரைச் சம்பாதித்துக் கொடுத்த பங்காளிகளை வெளியே அனுப்பிவிட்டு, புதுசாக வருகிற பங்காளியிடம் குட்வில்லுக்கு விலை வாங்கினால் அதற்கு என்ன பெயர்? எங்கள் அக்கவுண்டன்ஸி வாத்தியார் நல்ல பெயராக வைக்க மாட்டார்.

அப்படியானால் வாங்கவே கூடாதா என்றால், தாராளமாக வாங்குங்கள். ஆனால், முதலில் பதினோரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். சும்மா கணக்குக்கு, ஃப்ளாட் விலை 1.8 கோடி, அதே ஃப்ளாட்டின் வாடகை மாதம் 40,000 என்று வைத்துக்கொண்டால், வருஷ வாடகை விலையில் 2.7 சதவீதம்கூட இல்லை. 1.35 கோடியை எட்டரை சதவீத வட்டிக்கு இருபது வருஷக் கடனாக வாங்கினால் இ.எம்.ஐ. சுமார் 1.17 லட்சம். அந்தப் பதினோரு மாதத்தில் ஒரு மார்கழி, ஒரு பங்குனி, ஒரு கோடை, ஒரு மழை எல்லாம் வந்து போய்விடும். தண்ணீர் வருகிறதா, தெருவில் நிற்கிறதா, வயதான அம்மாவால் பிளாட்பாரத்தில் நடக்க முடிகிறதா என்று எந்த ப்ரோக்கரையும் கேட்காமல் தெரிந்துவிடும்.

பிறகும் ஆசை விடவில்லை என்றால், ஏற்கெனவே கட்டின பழைய ஃப்ளாட்டைத் தேடுங்கள். பாகம் அதிகம் கிடைக்க வாய்ப்புண்டு, உங்களுக்காக இன்னொரு திண்ணையை இடிக்க வேண்டியதும் இல்லை. 2024-ல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். என்றாவது அந்தக் கூட்டம் நடக்கும். அன்றைக்குக் கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்து ஒரு கடையாவது இருக்கட்டும் என்று கேட்க உங்களுக்கும் ஒரு ஓட்டு இருக்கும்.

குடிபோன பிறகு ஒரே ஒரு வேண்டுகோள். பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்குக் கீரை கொண்டுவருகிற ஆப் உங்கள் போனிலும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் லிஃப்ட்டில் இறங்கி, கேட்டைத் தாண்டி, அந்தத் தெருவில் நடந்துபோய் வாங்குங்கள். அதற்குத்தானே, சார், அவ்வளவு பணம் கொடுத்திருக்கிறீர்கள்!