விரலில் தெரியும் கடல்

தடியும் ரீலும் இல்லாமல் வெறுங்கையால் தூண்டில் போடுவதை வசதியில்லாதவர் வழி என்று நினைப்பவர்கள் உண்டு. நெடுந்தீவின் கல்லுக்கடலில் அந்த நினைப்புச் செல்லாது. தங்கூசி நூலை ஆட்காட்டி விரலின் மேல் ஓடவிட்டிருப்பவருக்கு அடியில் நடப்பதெல்லாம் தெரியும். ஈயம் மணலில் இழுபடுகிறதா, முருகைக்கல்லில் தட்டுகிறதா, குஞ்சு மீன் இரையைக் கொத்துகிறதா, விளைமீன் கவ்விக்கொண்டு திரும்புகிறதா என்று விரல் சொல்லிவிடும். தடியின் வளைவு இதில் பாதியை விழுங்கிவிடுகிறது. ஆகவே நெடுந்தீவுக்குச் சிக்கனமாக மீன்பிடிக்கப் போவது காசில்லாத குறையால் செய்யும் காரியமல்ல. அந்தக் கடலுக்கு அதுதான் பொருத்தம்.

போகும் வழியும் அப்படித்தான். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் ஏறினால் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று கடலை இருபுறமும் பார்த்தபடி குறிகட்டுவானில் இறங்கலாம். அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இறங்குவது மாவிலித்துறை. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் அங்கே இருக்கிறது. ஒரு நிமிடம் நின்று போகாமல் இருக்க முடியாது.

காசை விடக் காற்றைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். சோளகம் எழும்பிவிட்டால் அந்த இடைக்கடல் கொந்தளிக்கும், படகு ஓடாமலும் போகும். மார்கழி மழையும் வாடையும் வேறு கதை. வாடைக் காலத்தில் வெளியூர் மீனவர்கள் நெடுந்தீவுக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்வதைத்தான் செங்கை ஆழியான் ‘வாடைக்காற்று’ நாவலாக்கினார். அவர்கள் தொழிலுக்கு வந்தவர்கள். நம் போன்றவர்களுக்கு மாசி, பங்குனி, சித்திரையே நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் நீரோட்டம் இழுக்கும், மீனும் கடிக்கும். அப்போதும் ஒரு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு போவதுதான் புத்தி. தீவில் தங்கச் சின்ன விடுதிகளும் வீடுகளும் உண்டு. கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பதால் குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

சாமான் ஒரு பைக்குள் அடங்கும். தங்கூசி சுற்றிய பிளாஸ்டிக் போத்தல், சில தூண்டில்கள், கத்தி, பழைய துணி. ஈயத்தைக் கட்டும் விதத்தில்தான் கைத்திறன். தீவே முருகைக்கல், கரையோரக் கடலடியும் அதே கல். ஈயம் பொந்தில் சிக்கினால் நூல் முழுக்கப் போகும். அனுபவசாலிகள் ஈயத்தை மெல்லிய நூலில் தனியாகக் கட்டி, அந்த நூலை வலுவான தங்கூசியின் நுனியில் தொங்கவிடுவார்கள். தூண்டில் அதற்குச் சற்று மேலே நிற்கும். சிக்கிக்கொண்டால் ஒரு வெடுக்கில் மெல்லிய நூல் அறும். ஈயம் போகும், தூண்டிலும் மீனும் மிஞ்சும். இன்னும் கெட்டிக்காரர்கள் ஈயத்துக்கே காசு கொடுப்பதில்லை. துருப்பிடித்த நட்டோ, மோட்டார் சைக்கிளில் கழித்த பிளக்கோ போதும் அவர்களுக்கு. மாலைதீவுச் சூரைத் தொழிலாளர்கள் எதிர்முள் இல்லாத தூண்டிலை வைத்துக்கொண்டு மீனைத் தளத்தில் எறிந்து எறிந்து குவிப்பார்களே, அதிலும் இதே மாதிரி ஒரு சிக்கன அழகு உண்டு.

இரைக்கு இறால் அல்லது கணவாய்த் துண்டு. ஓரா பாசி மேய்கிற மீன். அதற்குப் பாணைப் பிசைந்து சிறிய தூண்டிலில் உருட்டி வைக்க வேண்டும். அதன் கடி கடி மாதிரியே இருக்காது, நூல் சற்றுத் தளர்ந்ததுபோல் தோன்றும், அவ்வளவுதான். அந்தத் தளர்ச்சியை உணர்ந்து சுண்டத் தெரிந்தவரைத்தான் நான் தூண்டில்காரர் என்பேன். கழற்றும்போது பழைய துணி உதவும். ஓராவின் முள் நச்சு முள். குத்தினால் தாங்கக்கூடிய சூட்டு நீரில் கையை வைக்கக் கடுப்புத் தணியும்.

இழுவைமடி அடிமட்டத்தையே அரித்துக்கொண்டு போகிறது என்று தீவக மீனவர்கள் ஆண்டுக்கணக்காகக் கத்துகிறார்கள். இலங்கையில் 2017இல் அதற்குச் சட்டப்படி தடையும் வந்தது. ஒரு தூண்டில், ஒரு மீன் என்கிற இந்த முறை கல்லுக்கு ஒரு கீறலும் போடுவதில்லை. துறையில் தொழில்காரர் வலை வைத்திருக்கும் பக்கம் மட்டும் போகாதீர்கள், கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பிடித்ததைத் தங்கும் வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவதே மரியாதை. சொதிக்கு விளைமீன், பொரிக்க ஓரா. கலவாய் அகப்பட்டால் தலையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பனை நிறைந்த தீவில் ஒடியல் மா கிடைத்தால் இரவு கூழ்தான்.