திறக்க வராத டார்ச் வேண்டாம்

வெளிச்சத்துக்காக டார்ச் வாங்குகிறவர் லூமென் கணக்கைப் பார்க்கலாம். பிரித்து, மாற்றி, மறுபடி பூட்டி விளையாட வாங்குகிறவர் மரையைத்தான் பார்க்க வேண்டும். தலை கையால் கழல்கிறதா? எல்இடி உட்கார்ந்திருக்கும் பாகம் தனியே வெளியே வருகிறதா? இல்லை, உள்ளே எல்லாவற்றையும் பசை ஊற்றி அடைத்திருக்கிறார்களா? பசை என்றால், பெட்டியில் எத்தனை ஆயிரம் லூமென் அச்சடித்திருந்தாலும் அது நமக்கு ஆகாது. பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் ஏழாயிரம்பண்ணை மாதிரி ஊரில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. அந்த டார்ச் எங்கே போகக் கூடாது என்பது அது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பக்கத்து வீடுகளில் பரணைத் துழாவினால் பழைய இரண்டு கட்டை டார்ச் ஒன்று கிடைக்கும். அதற்கு உயிர் கொடுக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் கை அரிக்கும். கணக்கும் இடம் கொடுப்பதுபோலத்தான் தெரியும். பெரிய கட்டை ஒவ்வொன்றும் 61.5 மி.மீ. நீளம், ஏறக்குறைய 33 மி.மீ. தடிமன். லித்தியம் 18650 செல் 18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம். ஒயரிங் வேலைக்கு வாங்கும் பிவிசி குழாயில் ஒரு துண்டு நறுக்கிச் செல்லைச் சுற்றி உறை போட்டு, மிச்சமிருக்கும் 58 மி.மீ. இடைவெளிக்கு லேத் பட்டறையில் ஒரு அலுமினியத் துண்டு கடைந்து வைத்தால் மின்சாரம் ஓடிவிடும். சிக்கல் சூட்டில் இருக்கிறது. பழைய குண்டு பல்பின் சூடு பெரும்பாலும் ஒளியோடு சேர்ந்து முன்னால் போய்விடும். எல்இடியின் சூடு அதன் முதுகு வழியாக இறங்க வேண்டும். அந்த டார்ச்சில் பல்பைத் தாங்குவது பிளாஸ்டிக்கோ தகரமோதான், சூடு இறங்க வழியே இல்லை. உள்ளே ஒரு அலுமினியத் தட்டு கடைந்து, உடம்போடு இறுக்கமாகப் பொருத்தினால்தான் எல்இடி பிழைக்கும். செய்யலாம், ஆனால் முதல் வேலையாக வேண்டாம்.

முதல் வேலைக்கு என் கை போவது கான்வாய் எஸ்2+ பக்கம். ஒரே ஒரு 18650 செல், 24 மி.மீ. உருளை, அலங்காரம் ஒன்றுமில்லை. முன்வளையத்தைத் திருகினால் கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் வந்துவிடும். அதற்குக் கீழே பித்தளையில் மரை போட்ட ஒரு கிண்ணம். மேலே 16 மி.மீ. செம்புத் தட்டில் எல்இடி, அடியில் மின்சாரத்தை அளந்து விடும் 17 மி.மீ. டிரைவர். இரண்டு ஒயரைச் சால்டரிங் அயர்னால் தொட்டு எடுத்தால் டார்ச்சின் மொத்தக் குடலும் உள்ளங்கையில் இருக்கும். இந்த 16, 17 என்ற அளவுகளில்தான் விஷயம். உதிரிபாகம் விற்கும் பலரும் இதே அளவில் செய்வதால், அறுக்காமல் அரம் போடாமல் மாற்றிக்கொள்ளலாம்.

7135 என்ற சில்லு எட்டு உள்ள டிரைவரில் சில்லு ஒன்று 350 மில்லி ஆம்பியர் விடும், மொத்தம் 2.8 ஆம்பியர். குளிர் நாட்டுக்காரர்கள் மேலும் சில்லை அடுக்கி ஏற்றுகிறார்கள். சித்திரையில் சுவரே கொதிக்கும் நம் ஊரில் நான் இரண்டைப் பிடுங்கச் சொல்வேன். 2.1 ஆம்பியரில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அதிகம் குறையாது, உள்ளங்கை நன்றி சொல்லும்.

எல்இடி மாற்றுவதில் ஒரு கணம் இருக்கிறது, அதற்காகவே இந்தப் பொழுதுபோக்கைச் செய்யலாம். கவிழ்த்து வைத்த இஸ்திரிப் பெட்டியின் மேல் செம்புத் தட்டு, அதில் கடுகளவு சால்டர் பேஸ்ட், மேலே எல்இடி. சாம்பல் நிறத்தில் கிடக்கும் பேஸ்ட் சட்டென்று பளபளக்கும். கோணலாகக் கிடந்த எல்இடி தானாக நகர்ந்து நேராகிவிடும். உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசை செய்யும் வேலை அது. பக்கவாட்டில் மட்டும் லேசாகத் தட்டலாம். மேலே இருக்கும் சிலிக்கோன் குமிழைத் தொட்டால் கெட்டது.

எந்த எல்இடி? நிச்சியா 519ஏ, 5000 கெல்வின். சிவகாசி அச்சகங்களில் லேபிளின் வண்ணத்தைச் சரிபார்க்க 5000 கெல்வின் வெளிச்சம்தான் உலகத் தர அளவு. இந்த எல்இடியின் நிறக்காட்டும் திறன் 90க்கு மேல் என்பதால் சிவப்பும் காவியும் தனித்தனியாகத் தெரியும். முறையான அச்சக விளக்குக்கு இது மாற்று ஆகாது. தீப்பெட்டி லேபிளை அவசரத்துக்குப் பார்க்கப் போதும். ராத்திரி வரப்பில் இதன் அருமை இன்னும் தெரியும். மலிவான நீல வெள்ளை வெளிச்சத்தில் காய்ந்த மக்காச்சோளத் தட்டையும் சுருட்டை விரியனும் ஒரே பழுப்பாகத் தெரியும். இதில் அப்படியில்லை. காட்டுப்பன்றிக் காவலுக்குத் தூரம் பாய வேண்டும் என்பவர்கள், பெரிய ரிஃப்ளெக்டர் உள்ள கான்வாய் சி8+ எடுத்துக்கொள்ளுங்கள்; பிரிக்கும் முறை ஏறக்குறைய இதேதான்.

எமிசார் டி4வி2 என்று ஒன்று இருக்கிறது. நான்கு எல்இடி, ஆண்டுரில் என்ற திறந்த மூல மென்பொருள், ஒரே பொத்தானில் நூறு வித்தை. மென்பொருளில் கை வைக்க ஆசைப்படுபவர்களுக்கு அது சொர்க்கம். முழு வேகத்தில் விட்டால் கண்ணாடியை ஒட்டிய துணி கருகும். பூட்டாமல் சட்டைப்பையில் போடுகிற பழக்கம் உள்ளவர்கள் வாங்க வேண்டாம்.

இப்போது, எங்கே போகக் கூடாது என்ற அந்தக் கேள்வி. நாம் கை வைத்த எந்த டார்ச்சும் பயர் ஆபீஸ் என்று நாம் சொல்லும் பட்டாசு ஆலையின் வாசலைத் தாண்டக் கூடாது, தீப்பெட்டி ஆபீஸ் மருந்து அறைக்கும் போகக் கூடாது. வால் பொத்தானை அழுத்தும்போது உள்ளே சிறு பொறி எழலாம், தலை சுடுகிறது, இடுக்கில் அலுமினியப் பொடி ஏறினால் மின்சாரத்துக்குப் பாதை. பட்டாசு வேலை பகல் வெளிச்சத்தில் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. அபாயப் பகுதிக்கென்றே சோதித்துச் சான்று கொடுத்த டார்ச்சுகள் தனி ரகம். அவற்றில் ஒரு பாகத்தை மாற்றினாலும் சான்று செல்லாது. ஆக, அங்கே போகும் டார்ச்சைத் திறக்காதீர்கள், திறந்த டார்ச்சை அங்கே கொண்டுபோகாதீர்கள். சால்டரிங் வேலையையும் தீக்குச்சி, மருந்து, திரி எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. விமானத் தபாலில் லித்தியம் செல்லுக்குக் கெடுபிடி அதிகம், அதனால் டார்ச்சை செல் இல்லாமல் தருவித்து, செல்லை உள்நாட்டில் பெயர் தெரிந்த நிறுவனத்தில் வாங்குவது மேல். 9900 எம்ஏஎச் என்று அச்சடித்த 18650 செல்லைத் தொடவே வேண்டாம். நல்ல செல்லே 3500ஐ ஒட்டித்தான் நிற்கும். பழைய லேப்டாப் பேட்டரியில் உரித்தது என்றால் வோல்ட் பாருங்கள், 2.5க்குக் கீழே கிடந்தால் சார்ஜ் போடக் கூடாது. சந்தேகமென்றால் தராசில் வையுங்கள். உண்மையான 18650 செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். 30 என்று காட்டினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.