ஜோசஃப் கார்னெலும் அவர் பெட்டிகளும்

ஓவியம் தீட்டவோ சிற்பம் செதுக்கவோ முறையாகக் கற்றிராத ஒருவர், பழைய புத்தகக் கடைகளிலும் மலிவுச் சாமான் கடைகளிலும் பொறுக்கிய சில்லறைப் பொருள்களைக் கண்ணாடி முகப்பிட்ட மரப்பெட்டிகளுக்குள் அடுக்கியே இருபதாம் நூற்றாண்டுக் கலைச் சரித்திரத்தில் தமக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொண்டார் என்றால், அந்த இடம் எவ்வளவு உறுதியானது என்று தட்டிப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. ஜோசஃப் கார்னெல் என்ற அந்த அமெரிக்கரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய ஏகாந்த வாழ்க்கையைக் கண்டு உருகத் தொடங்கிவிடுகிறார்கள். எந்தப் பெட்டி தேறியது, எது தேறவில்லை என்ற கேள்வி அந்த உருக்கத்தில் கரைந்துபோகிறது.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1903-ல் நியூயார்க் மாநிலத்து நையாக்கில் பிறந்து, 1917-ல் தகப்பனாரை இழந்து, பள்ளிப் படிப்பைச் சான்றிதழ் பெறாமலே விட்டுவிட்டு, பத்தாண்டுக் காலம் துணி மாதிரிகளைச் சுமந்துகொண்டு மன்ஹாட்டனில் கடை கடையாக ஏறி இறங்கிய அவர், 1929 முதல் 1972 டிசம்பரில் இறக்கும்வரை க்வீன்ஸ் பகுதியில் யுடோபியா பார்க்வே என்னும் வீதியில் ஒரு சிறு மரவீட்டில், தாயாரோடும் பிறவியிலேயே மூளை முடக்கு வாதத்துக்கு ஆளான தம்பி ராபர்ட்டோடும், 1960-களின் நடுவில் அவ்விருவரும் மறைந்தபின் தனியாகவும் வசித்தார். விவாகம் செய்துகொள்ளவில்லை. ஐரோப்பிய ஹோட்டல்களின் பெயர்களைப் பெட்டிக்குப் பெட்டி ஒட்டிய மனிதர் ஐரோப்பாவில் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

1931-ல் நியூயார்க்கில் ஜூலியன் லெவியின் காட்சிக்கூடத்தில் சர்ரியலிஸ ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட்டின் ஒட்டுச் சித்திரங்களைப் பார்த்ததுதான் திருப்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செதுக்குப் படங்களைக் கத்தரித்துப் பொருந்தாதவற்றைப் பொருத்தி வைத்த அந்தத் தந்திரத்தை அவர் உடனே கைப்பற்றிக்கொண்டார். ஆயினும் எர்ன்ஸ்ட்டிடமிருந்த விஷத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்தவ விஞ்ஞானம் என்ற சமயப் பிரிவில் ஆழ்ந்த நம்பிக்கை கொண்டிருந்த இவருக்குக் காமமும் வன்முறையும் கலந்த சர்ரியலிஸக் கனவுகள் ஒவ்வவில்லை. ஆழ்மனம், கனவு ஆகியவை பற்றிய சர்ரியலிஸ்டுகளின் கொள்கைகளில் தமக்குப் பங்கில்லை என்று 1936-ல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையின் இயக்குநர் ஆல்ஃபிரட் பாருக்கே எழுதினார். அதே ஆண்டில் அந்தக் காட்சிசாலை நடத்திய பெரிய சர்ரியலிஸக் கண்காட்சியில் அவருடைய ‘சோப்புக் குமிழிப் பெட்டி’ இடம்பெற்றது என்பது வேடிக்கைதான். நிலவின் வரைபடம், களிமண் புகைக்குழாய், கிண்ணத்தில் ஒரு முட்டை, ஒரு பொம்மைத் தலை, இவ்வளவே அதன் மூலதனம். குமிழி எங்கும் இல்லை. நிலவின் வட்டமும் முட்டையின் வளைவும் அந்த வேலையைச் செய்கின்றன.

தொழிலில் அவர் சோம்பேறியல்லர். மரவேலையை அண்டைவீட்டுக்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்டார். புதுப் பெட்டிக்குப் பழமை வரவேண்டுமென்று வண்ணத்தைப் பூச்சின்மேல் பூச்சாக ஏற்றிச் சமையலறை அடுப்பில் வைத்துச் சுட்டு வெடிப்புவிடச் செய்தார். நிலவறையில் ‘ஆந்தைகள்’, ‘கடிகார உறுப்புகள்’ என்று சீட்டு ஒட்டிய டப்பாக்களில் பொருள்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. இந்தப் பொறுமை பலன் கொடுத்த இடங்கள் உண்டு. 1942-ல் செய்த ‘மெடிசி காசுப் பொறி’யில், மறுமலர்ச்சிக் கால ஓவியர் சோஃபனிஸ்பா அங்விஸோலா வரைந்த ஒரு சிறுவனின் படத்தின்மேல் துப்பாக்கியின் குறிக்கோடுகளைப் போலக் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன, பிரபுகுலத்துப் பையனும் ரயிலடி மிட்டாய்ப் பொறியும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்கக் காரணம், அந்தக் கோடுகளின் கண்டிப்பு. மறு ஆண்டின் ‘குறிசுடும் கூடத்துக்கான பறவைகள்’ இன்னும் ஒருபடி மேல். எண்ணிட்ட கிளிகள், நடுவில் குண்டு பாய்ந்ததுபோல் நொறுங்கிய கண்ணாடி, தெறித்த வண்ணம், கீழே உதிர்ந்த இறகுகள். யுத்தத்தின் பெயரைச் சொல்லாமலே யுத்தகாலத்தைப் பெட்டிக்குள் கொண்டுவந்த சிருஷ்டி அது. தம் பிரியத்துக்குரிய பறவைகளை அவரே சுட்டுக்கொல்லத் துணிந்த அபூர்வமான தருணம் என்றும் சொல்லலாம்.

அந்தத் துணிவு இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதற்குக் கலைஞர்களாகிய பெண்களை முன்னிட்டு அவர் செய்தவை சாட்சி. பாலே நடனமணி மாரி டாக்லியோனியின் பெயரால் 1940-ல் செய்த நகைப்பெட்டியில், பனிமேல் விரித்த சிறுத்தைத் தோலில் அவள் ஒரு கொள்ளைக்காரனுக்காக ஆடினாள் என்ற கர்ணபரம்பரைக் கதையும், வெல்வெட்டும், பனிக்கட்டி போன்ற கண்ணாடிக் கட்டிகளும் சேர்ந்து நம்மை வசீகரிக்கின்றன. ஆனால் கதையை நீக்கிவிட்டால் மிஞ்சுவது அலங்காரம்தான். நடிகை லாரன் பகாலுக்காகச் செய்த பெட்டியில், நீலக் கண்ணாடிக்குப் பின்னே ஒரு முகம், சுற்றிலும் அவளுடைய சிறு படங்கள், உருண்டு இறங்கும் ஒரு பந்து. பக்தி இருக்கிறது, எதிர்ப்பு இல்லை. பார்க்கப்படுகிறவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்பது, என் அபிப்பிராயத்தில், கண்ணியத்தின் வேஷத்திலிருக்கும் ஒருவகை உடைமையுணர்ச்சி. இதே ஆசாமி 1936-ல் ‘ஈஸ்ட் ஆஃப் போர்னியோ’ என்ற மட்டமான திரைப்படத்தை வெட்டித் துண்டாக்கி ‘ரோஸ் ஹோபார்ட்’ ஆக்கியபோது அந்தக் குற்றத்திலிருந்து தப்பினார். ஒரு நடிகையின் மேலிருந்த மோகம் அங்கேயும் காரணமென்றாலும், கதை அறுந்துபோனதால் அவளுடைய பதற்றம் அவளுக்கே சொந்தமாகிறது. முதல் காட்சியிலேயே ஓவியர் சால்வடோர் டாலி பொறாமையால் ப்ரொஜெக்டரைத் தள்ளிவிட்டார் என்பது, விமர்சகர்கள் எழுதிய எதையும்விடச் சுருக்கமான பாராட்டு.

1950-களில் வந்த வெண்ணிறப் புறாக்கூட்டுப் பெட்டிகளை நான் அவருடைய உச்சமாகக் கருதுகிறேன். பறவைகள் போய்விட்டன, வளைவு வளைவான அறைகளும் சில மரப்பந்துகளும் உதிரும் சுண்ணமுமே உள்ளன. அதன்பின் காகித ஒட்டுச் சித்திரங்களுக்குத் திரும்பியபோது ஆழம் குறைந்தது. பெட்டியின் நான்கு சுவர்கள் கொடுத்த கட்டுப்பாட்டைச் சஞ்சிகைப் படங்கள் ஈடுசெய்யவில்லை.

மற்றொரு குறைக்கு அவர் முழுப் பொறுப்பாளியல்லர். சாய்த்தால் மணல் ஓடவும், குலுக்கினால் பந்து உருளவும் செய்யப்பட்டவை இவை. 1972-ல் கூப்பர் யூனியனில் குழந்தைகளுக்கென்று வைத்த கண்காட்சியில் அவர்கள் கண்மட்டத்துக்குத் தாழ்த்தியே பெட்டிகளை வைக்கச் செய்தார். இன்று அதே பெட்டிகள் காட்சிசாலைகளில் கண்ணாடிக்குமேல் கண்ணாடியாக அசைவற்று நிற்கின்றன. பழுதாகிவிடுமே என்ற அச்சம் நியாயந்தான்; எனினும் யாரேனும் ஒரு முறை கையுறையோடு எடுத்துச் சாய்த்து, அதைச் சலனப்படமாக்கிப் பக்கத்தில் ஓடவிட்டால், பாதிப் படைப்பை மாத்திரம் பார்த்துவிட்டு முழுத் தீர்ப்புச் சொல்லும் அவஸ்தை நம்போன்ற விமர்சகர்களுக்கு மிச்சமாகும்.