இரங்கற்பாவில் இறந்தவர் எங்கே?

இறந்தாரைப் பாடுதல் எளிது. இறந்தாரை நினைத்தல் அரிது. இவ்விரண்டும் ஒன்றே எனக் கருதி வந்தமையால் நம் குடும்பங்களுக்கு நேர்ந்துள்ள இழப்பைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

நம் இல்லங்களில் பெரியவர் ஒருவர் வபாத்தானால், நாற்பதாம் நாளுக்குள்ளாகவோ ஆண்டு நிறைவிலோ நினைவு மலர் ஒன்றை அச்சிட்டு உற்றார்க்கு வழங்கும் வழக்கம் பலவூர்களில் உண்டு. அம்மலர்களில் இடம்பெறும் இரங்கற்பாக்களை யாப்புப் பிழை நீக்கித் தருமாறு நம்மிடம் கொண்டு வருவோரும் உளர். அவ்வகையில் முப்பதாண்டுகளாகப் பல பாடல்கள் நம் கைவழிச் சென்றுள்ளன. தளை தட்டிய இடங்களைச் செப்பம் செய்தோம்; எதுகையும் மோனையும் நோக்கினோம். ஆயினும் அவற்றின் பெருங்குறை நம் கண்ணுக்கு நெடுநாள் புலப்படவில்லை.

அப்பாடல்களில் விளக்கு அணைகிறது, ஆலமரம் சாய்கிறது, வள்ளல் மறைகிறார், ஊர் அழுகிறது. பெயரை மட்டும் மாற்றினால் அதே பாடல் அடுத்த தெருவில் மறைந்தவர்க்கும் பொருந்தும். மறைந்தவர் பெண்மணியாயின் நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. அவர் பொறுமையின் உறைவிடம், கற்பின் அணிகலன், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார். சில பாடல்களில் அவர்தம் பெயர்கூட இராது. இன்று கைப்பேசியில் வந்து குவியும் இரங்கற் செய்திகளோ ஒருவர் எழுதியதையே ஊரார் அனைவரும் அனுப்புவனவாக உள்ளன. இவற்றைப் படித்து, மறைந்தவர் எத்தகையவர் என்று அறிந்துகொள்ள இயலுமா?

‘அறிந்துதான் ஆவதென்ன? இறந்தவர்க்காகத் துஆச் செய்வதே நம் கடமை. அவரைப் பற்றிப் பேசுவது ஒப்பாரியின்பாற்படும்’ என்று கூறுவோர் உண்டு. அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. கன்னத்தில் அறைந்துகொள்வதும், ஆடையைக் கிழிப்பதும், அறியாமைக் காலத்துக் கூக்குரல் எழுப்புவதும் நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டவை. ஆனால் விலக்கப்பட்டது கூக்குரலேயன்றி நினைவன்று. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் தம் பச்சிளம் மகனார் இப்றாஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. இறைவனுக்கு உவப்பில்லாத சொல் எதுவும் அவர்கள் நாவிலிருந்து வரவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே நமக்கு நெறி.

கதீஜா நாயகி (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் நினைவுகூர்ந்த விதத்தை நோக்குவோம். பத்ருப் போருக்குப் பின் (கி.பி. 624) சிறைப்பட்டிருந்த தம் கணவரை மீட்க, மகளார் ஸைனப் (ரலி) அவர்கள் மக்காவிலிருந்து கழுத்தணி ஒன்றை அனுப்பினார்கள். அது அவர்தம் திருமணத்தின்போது தாயார் கதீஜா நாயகி அணிவித்த மாலை. அதைக் கண்டதும் நபியவர்களின் உள்ளம் நெகிழ்ந்தது. கைதியை விடுவித்து மாலையையும் திருப்பி அனுப்பலாமா எனத் தோழர்களிடம் கேட்டார்கள். பின்னொரு நாள் கதீஜா நாயகியின் சகோதரி ஹாலா வாயிலில் நின்று அனுமதி கோரியபோது, அக்குரலில் மறைந்த துணைவியின் குரலை நினைவுகூர்ந்து நபியவர்கள் பரவசமுற்றார்கள். ஆடு அறுத்தால் அதன் இறைச்சியில் கதீஜா நாயகியின் தோழியர்க்கென ஒரு பங்கை அனுப்பி வைப்பார்கள்.

ஒரு மாலை, ஒரு குரல், சில தோழியர். இவற்றின் வழியேதான் அந்நினைவு வாழ்ந்தது. இதன் பயன் யாது? கதீஜா நாயகியைத் தாம் கண்டதில்லை என்றும், ஆயினும் நபியவர்களின் வேறெந்த மனைவியர் மீதும் கொள்ளாத பொறாமையை அவர்கள் மீது கொண்டதாகவும் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களே கூறியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். கண்டிராத ஒருவரைக் கண்டவர்போல் உணரச் செய்தது அந்நினைவு. காணாதார்க்குக் காட்டுவதே நினைவு கூர்தல். இரங்கற்பாவை மதிப்பிட இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை எனத் துணிந்து கூறுவோம்.

இவ்வளவுகோலைக் கொண்டு அரபு இலக்கியத்தின் மர்ஸியாக்களை நோக்கினால், அவற்றுள் எவை நிலைத்தன, ஏன் நிலைத்தன என்பது விளங்கும். 9ஆம் நூற்றாண்டில் அபூதம்மாம் தொகுத்த ‘ஹமாஸா’வில் வீரத்திற்கு அடுத்த இயலே இரங்கற் பாடல்களுக்கு உரியது. அரபியர் அதற்களித்த மதிப்பு அத்தகையது.

இத்துறையின் தலைவி கன்ஸா (ரலி) அவர்கள். சுலைம் குலத்தவரான அவர் தம் சகோதரர் ஸக்ரைப் பற்றிப் பாடியவை மிகப் பல. அவற்றுள் பெரும்பகுதி, குலத் தலைவன், கொடையாளி, போர்வீரன் என அக்காலத்தார் எல்லாத் தலைவர்க்கும் சூட்டிய புகழ்மொழிகளே. அவை மட்டும் இருந்திருப்பின் ஸக்ரும் பலருள் ஒருவராகக் கரைந்திருப்பார். ஆனால் ஓரிடத்தில் அவர், கதிரவன் எழும்போதும் விழும்போதும் தம் சகோதரர் நினைவுக்கு வருவதாகச் சொல்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் ‘எந்நேரமும் நினைக்கிறேன்’ என்பதே பொருள் எனத் தோன்றும். உரையாசிரியர்கள் அங்கு நின்று நுணுக்கம் காட்டுகின்றனர். காலை, ஸக்ர் படையெடுத்துப் புறப்படும் வேளை. மாலை, விருந்தினர்க்கு அடுப்பு மூட்டும் வேளை. அவ்விரு பொழுதுகளும் அவருக்கே உரியவை. அதனாலேயே அவ்வரி ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஓதப்படுகிறது.

இப்னுர் ரூமியின் சிறப்பு வேறு வகையானது. பக்தாதைச் சேர்ந்த இக்கவிஞர் (கி.பி. 836–896) தம் புதல்வர் மூவரையும் இழந்தவர். நடு மகன் முஹம்மது இறந்தபோது பாடிய மர்ஸியாவே அவர் பாடல்களுள் மிகப் புகழ்பெற்றவற்றுள் ஒன்று. குழந்தை குருதி இழந்து இழந்து, ரோஜா நிறம் மாறி மஞ்சள் பாரித்ததை ஒரு தந்தை அருகிருந்து பார்த்த வண்ணமே அவர் சொல்கிறார். எஞ்சிய இரு பிள்ளைகள் இருக்கிறார்களே என்று ஆறுதல் கொள்ளவும் அவரால் இயலவில்லை. இறந்த மகன் ஆடிய இடத்தில் அவர்கள் ஆடுவதே அவர் நெஞ்சைச் சுடுகிறது. பிள்ளைகள் உறுப்புகளைப் போன்றவர்கள். கண் போனால் காது அதன் பணியைச் செய்யுமா என வினவுகிறார். இங்கு விளக்கு அணையவில்லை, மரம் சாயவில்லை. ஒரு குழந்தை இறந்திருக்கிறது. அக்குழந்தையை நாமும் அறிகிறோம்.

கவிதை இயற்றும் ஆற்றல் இல்லாதார்க்கும் இது கைகூடும் என்பதற்கு உமர் (ரலி) அவர்கள் சான்று. அவர்தம் மூத்த சகோதரர் ஸைத் (ரலி) யமாமாப் போரில் ஷஹீதானார். தம் சகோதரர் மாலிக்கை இழந்து முதம்மிம் இப்னு நுவைரா பாடிய பாடல்களைக் கேட்ட உமர், அவ்வாறு தமக்கும் பாட வந்தால் ஸைதைப் பாடியிருப்பேனே என்று ஏங்கினாராம். ‘உம் சகோதரர் மாண்டதுபோல் என் சகோதரர் மாண்டிருந்தால் நான் பாடியிருக்க மாட்டேன்’ என்றார் முதம்மிம். தமக்கு இதுபோல் ஆறுதல் கூறியவர் எவருமிலர் என உமர் மகிழ்ந்தார். அந்த உமரே, கீழ்க்காற்று வீசும்போதெல்லாம் ஸைதின் மணத்தை உணர்வதாகக் கூறியதும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. கவிஞரல்லாத ஒருவர் சொன்ன அவ்வொரு சொல் நூறு பாடல்களுக்கு நிகராகும்.

நம் செந்தமிழிலும் இந்நெறி புதியதன்று. கையறுநிலை எனப் புறத்துறை வகுத்த மரபு நம்முடையது. பறம்பு மலையை இழந்த பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 112ஆம் பாடல் ஐந்தே அடிகள். தந்தையின் வள்ளன்மை அதில் ஒரு சொல்லாலும் புகழப்படவில்லை. சென்ற மாதத்து நிலவும் இந்த மாதத்து நிலவும் மட்டுமே அருகருகே வைக்கப்படுகின்றன. தந்தையோடு இருந்து பார்த்த நிலவு அது.

இத்தனையும் பாடம் நடத்தியவர்களே நாம். எனினும் நமது உம்மா மறைந்தபோது நாம் எழுதியது யாது? நாற்பது அடிகளில் ஓர் ஆசிரியப்பா. பொறுமைக்குப் பூமி என்றோம்; ஈகைக்கு முகில் என்றோம்; பாசத்திற்குக் கடல் என்றோம். எழுதி முடித்ததும், நம்மினும் பத்து வயது மூத்த ராத்தாவிடம் படித்துக் காட்டினோம். ராத்தா தமிழ் எழுத்து அறியாதவர். அரபுத் தமிழில் தலைப்பாத்திஹாவும் மாலைகளும் ஓதி வளர்ந்தவர். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நல்லா இருக்கு தம்பி. ஆனா இதுல உம்மா எங்கே?”

நாம் வாயடைத்துப் போனோம். பின்னர் அவரே பேசினார். உலையில் அரிசி இடுமுன் உம்மா ஒரு பிடி எடுத்து மூலையிலிருந்த மண் கலயத்தில் போடுவார். அது மதரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கு. வாப்பா பினாங்கிலிருந்து பணம் அனுப்பாத மாதங்களில் வீட்டிலேயே கஞ்சிதான். அப்போதும் அந்தப் பிடி குறையவில்லை. குறையக் கூடாதென்று, தம் கை சிறியதென உம்மா ராத்தாவின் கையால் அள்ளச் சொல்வாராம். அதே மதரஸாவில் ஓதியவர்கள் நாம். அந்த அரிசியையும் நாம் உண்டிருக்கக் கூடும். ‘ஈகைக்கு முகில்’ என்று எழுதிய நமக்கு அக்கலயம் நினைவிலேயே இல்லை.

அப்பாடலை அச்சுக்குக் கொடுக்கவில்லை. ராத்தா சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்தோம். அவர் வீட்டு அடுக்களையில் இன்றும் ஒரு கலயம் இருப்பதை அன்றுதான் கவனித்தோம்.

மனிதன் இறந்தபின் அவன் செயல்கள் முடிவுறுகின்றன. நிலைத்த தருமமும், பயன்தரும் கல்வியும், அவனுக்காகப் பிரார்த்திக்கும் நற்பிள்ளையும் மட்டும் தொடர்கின்றன என்பது நபிமொழியின் கருத்து. பெற்றோர் என்ன தருமம் செய்தார்கள் என்பதே தெரியாத பிள்ளை அதனை எவ்வாறு தொடர்வான்? ஆகவே நினைவு பிழைபட்டால் கவிதை மட்டும் கெடுவதில்லை; ஒரு நற்செயலும் அறுபடுகிறது.

எனவே இரங்கற்பா எழுதப் புகுவோர்க்கு நாம் கூறுவது இதுதான். நிகண்டைத் திறக்குமுன் அடுக்களைக்குச் செல்லுங்கள். மறைந்தவர் எந்த வேளையில் எழுந்தார், யாருக்கு எதை மறைத்துக் கொடுத்தார், எந்தச் சொல்லை அடிக்கடி சொன்னார், யாருடன் பிணங்கிப் பின் இணங்கினார் என்று மூத்த பெண்மக்களிடம் கேளுங்கள். மறைந்தவரின் நல்லவற்றை உரைத்துத் தீயவற்றைத் தவிர்ப்பது நமக்கிடப்பட்ட கட்டளை. ஆனால் இல்லாத புகழை ஏற்றுவது நல்லவற்றை உரைப்பதாகாது. இருந்த ஒரு நன்மையை உள்ளபடி எழுதுங்கள். யாப்பு வராவிடின் உரைநடையில் எழுதுங்கள். அவர் பெயரை, பெண்ணாயினும், முழுமையாக எழுதுங்கள்.

இதில் தாமதம் தகாது. உம்மாவை அறிந்தவர் ராத்தா. ராத்தாவுக்கும் வயதாகிவிட்டது. நம் வீடுகள் ஒவ்வொன்றிலும் இவ்வாறு ஒருவர், கேட்பாரின்றிக் காத்திருக்கிறார். அவரும் போய்விட்டால் நம்மிடம் எஞ்சுவது அணைந்த விளக்கும் சாய்ந்த ஆலமரமும் மட்டுமே.

நம் முன்னோர் அனைவரின் பிழைகளையும் வல்ல அல்லாஹ் பொறுத்து, அவர்தம் கபுறுகளை ஒளிமயமாக்குவானாக! அவர்கள் விட்டுச் சென்ற நன்மைகளை அறிந்து தொடரும் பேற்றினை நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.