4,029 புள்ளிகளும் நம் ஊர் ஸ்கோர் ஷீட்டும்

ராஜபாளையத்தில் நடக்கும் நாக் அவுட் போட்டியானாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டியானாலும் சரி, கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததும் மைதானத்தைச் சுற்றி எழும் முதல் கேள்வி ஒன்றுதான்: “யாரு அதிகமா பாயிண்ட் போட்டா?” இந்தக் கேள்விக்கு உலகக் கூடைப்பந்து வைத்திருக்கும் மிகப் பெரிய பதில் 4,029. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் 1961-62 சீசனில் பிலடெல்பியா வாரியர்ஸ் அணிக்காக வில்ட் சேம்பர்லைன் 80 ஆட்டங்களில் குவித்த புள்ளிகள் அவை. ஆட்டத்துக்குச் சராசரி 50.4. அந்த ஒரே சீசனில் 45 ஆட்டங்களில் அவர் 50-க்கு மேலோ சரியாக 50-ஓ எடுத்தார்.

60 ஆண்டுகள் தாண்டியும் இதன் பக்கத்தில் யாரும் வரவில்லை. மைக்கேல் ஜோர்டானின் உச்ச சீசன் 1986-87. அதில் அவர் எடுத்தது 3,041, சராசரி 37.1. சேம்பர்லைனோ முதல் சீசனிலேயே 37.6, அடுத்ததில் 38.4, பிறகு 50.4, அதற்கடுத்து 44.8 என்று போனார். ஜோர்டானின் ஆகச் சிறந்த சராசரியைவிட இந்த நான்குமே அதிகம். என்.பி.ஏ.வில் ஒரு சீசனில் 3,000 புள்ளியைத் தொட்டவர்கள் இந்த இருவர் மட்டுமே. சேம்பர்லைன் மூன்று முறை தொட்டார்.

எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

இந்த 4,029-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1,597 கூடைகள், 835 ஃப்ரீ த்ரோக்கள். த்ரீ பாயிண்டர் கிடையாது. அதற்கான கோடு என்.பி.ஏ.வுக்கு 1979-80இல்தான் வந்தது. கூடைக்கு முயன்றது 3,159 முறை, அதாவது ஆட்டத்துக்கு ஏறக்குறைய 40 ஷாட். அவற்றில் பாதிக்குச் சற்று மேல் விழுந்தன. கூடவே ஆட்டத்துக்கு 25.7 ரீபவுண்ட்.

அடுத்து நேரம். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். சேம்பர்லைன் அந்த சீசனில் சராசரியாக ஆடியது 48.5 நிமிடம். கூடுதல் நேர ஆட்டங்களும் சேர்ந்ததால் சராசரி முழு ஆட்ட நேரத்தையே தாண்டிவிட்டது. ரெஃப்ரி வெளியேற்றிய ஓர் ஆட்டத்தில் இழந்த 8 நிமிடம் தவிர, சீசன் முழுக்க அவர் பெஞ்சில் உட்காரவே இல்லை. 7 அடி 1 அங்குல உயரத்தையே எல்லாரும் பேசுகிறோம். ஆனால் இந்தச் சாதனையின் முதுகெலும்பு அவருடைய ஸ்டாமினா.

மூன்றாவது, ஆட்டத்தின் வேகம். அந்தக் காலத்தில் ஒவ்வோர் அணியும் ஆட்டத்துக்குச் சுமார் 108 ஷாட் அடித்தது. இன்று சுமார் 89. ஷாட் அதிகமென்றால் புள்ளிக்கும் ரீபவுண்டுக்கும் வாய்ப்பு அதிகம். ரிங்குக்கு முன்னால் இருக்கும் லேனின் அகலமும் அப்போது 12 அடிதான். சேம்பர்லைன் போன்ற உயரமான சென்டர்களை ரிங்கைவிட்டுத் தள்ளி நிறுத்துவதற்காகவே 1964இல் அதை 16 அடியாக்கினார்கள்.

இப்போது ஒரு கணக்கு. அவருடைய 50.4-ஐ இன்றைய ஷாட் எண்ணிக்கைக்குக் குறைத்தால் சுமார் 41.5 வரும். அதையும் நம் பிள்ளைகள் ஆடும் 40 நிமிட ஆட்டத்துக்குச் சுருக்கினால் சுமார் 34. இது தோராயக் கணக்குதான். ஆனாலும் காலத்தின் சலுகையையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவது 34. அதை ஒரு நாள் அல்ல, 80 ஆட்டம் தொடர்ந்து எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் எல்லா அணிகளும் வேகமாகத்தான் ஆடின, எல்லா சென்டர்களுக்கும் லேன் 12 அடிதான். 4,029 எடுத்தவர் ஒருவர்தான்.

ஹெர்ஷியில் ஓர் இரவு

அந்த சீசனின் சிகரம் 1962 மார்ச் 2. பென்சில்வேனியாவின் ஹெர்ஷி என்ற சிறு ஊர். நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக சேம்பர்லைன் 100 புள்ளி எடுத்தார். நான்கு குவார்ட்டர்களில் 23, 18, 28, 31. மொத்தம் 63 ஷாட்டில் 36 விழுந்தது. 32 ஃப்ரீ த்ரோவில் 28 விழுந்தது. வாரியர்ஸ் 169-147 என்று வென்றது.

என்னைப் பொறுத்தவரை இதில் பெரிய செய்தி அந்த 28. ஃப்ரீ த்ரோ கோட்டில் சேம்பர்லைன் வாழ்நாள் முழுக்கத் தடுமாறினார். அவருடைய மொத்தக் கணக்கு 51 சதவீதம். அந்த சீசனில் இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, முழங்காலுக்கு நடுவிலிருந்து மேலே தூக்கிப் போடும் முறையில் எறிந்தார். 61 சதவீதம் விழுந்தது. அதுவே அவருடைய உச்சம். பிறகு, பார்க்க வீரமாக இல்லை என்ற கூச்சத்தில் அந்த முறையைக் கைவிட்டார். 1967-68இல் அவருடைய ஃப்ரீ த்ரோ 38 சதவீதத்துக்கு விழுந்தது. பலன் தரும் ஒரு முறையை, பார்ப்பவர் என்ன நினைப்பாரோ என்று விட்டுவிடும் பழக்கம் நம் கோர்ட்டுகளிலும் உண்டு. அதற்கு உலகின் மிகப் பெரிய ஸ்கோரரே தந்த விலை இது.

அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் சாதனைக்காகவே விளையாடினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. சேம்பர்லைன் கைக்குப் பந்து போகாதிருக்க நிக்ஸ் மற்ற வீரர்களை ஃபவுல் செய்தது. பந்தை விரைவில் திரும்பப் பெற வாரியர்ஸும் ஃபவுல் செய்தது.

இவ்வளவு துல்லியமாக நாம் பேச முடிகிறதே, எதனால்? அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிப் பதிவு இல்லை, படச்சுருள் இல்லை. கேலரியில் இருந்தவர்கள் வெறும் 4,124 பேர். மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஷாட்டையும் எழுதியவர் ஹார்வி பொல்லாக் என்ற அணி அலுவலர். சேம்பர்லைன் கையில் “100” என்று எழுதிய காகிதத்தைப் பிடித்திருக்கும் புகழ்பெற்ற படத்தில், அந்த எண்ணை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். விழுந்த 36-ஐ மட்டுமல்ல, விழாத 27-ஐயும் எழுதினார்கள். அதனால்தான் இன்றும் அலச முடிகிறது.

புள்ளியும் வெற்றியும்

இனி கசப்பான பகுதி. 50.4 எடுத்த சீசனில் வாரியர்ஸ் 49 வெற்றி, 31 தோல்வி. பிளே ஆஃபில் பாஸ்டன் செல்டிக்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் இரண்டே புள்ளியில் வீழ்ந்தது. சக வீரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் சேம்பர்லைன் அல்ல, செல்டிக்ஸின் பில் ரஸ்ஸல். அடுத்த சீசனில் அணி சான் பிரான்சிஸ்கோவுக்கு மாறியது. சேம்பர்லைன் 44.8 எடுத்தார், அணியோ 31 வெற்றி, 49 தோல்வி என்று தலைகீழானது.

1966-67இல் பிலடெல்பியா 76ers அணியில் அவர் ஷாட்டுகளைப் பெருமளவு குறைத்தார். சராசரி 24.1 ஆனது. ஆனால் எறிந்ததில் 68 சதவீதம் விழுந்தது. ஆட்டத்துக்கு ஏறத்தாழ 8 அசிஸ்ட். அணி 68 வெற்றி, 13 தோல்வியோடு கோப்பையைத் தூக்கியது. ஆகவே என் தீர்ப்பு இது: ஸ்கோரிங்கில் எல்லாக் காலத்துக்குமான சீசன் 1961-62. கூடைப்பந்து வீரராக சேம்பர்லைனின் சிறந்த சீசன் 1966-67. முதலாவதைப் புள்ளி சொல்லும். இரண்டாவதைச் சொல்ல ஷாட் கணக்கும் அசிஸ்ட் கணக்கும் வேண்டும்.

எழுதாதது காணாமல் போகும்

சேம்பர்லைன் தடுத்த ஷாட்டுகள் எத்தனை? பதில் இல்லை. பிளாக், ஸ்டீல் இரண்டையும் என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியதே 1973-74 சீசனில். அவர் ஓய்வுபெற்றது 1973இல். டிஃபன்ஸில் அவரும் ரஸ்ஸலும் செய்த வேலையின் பெரும்பகுதிக்குக் கணக்கே இல்லை. எவ்வளவு பெரிய வீரரானாலும் எழுதாதது போனதுதான்.

இது நமக்கு அந்நியமான கதை அல்ல. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 2000 முதல் 2017 வரை இந்திய அணிக்கு ஆடினார். 19 வயதில் கேப்டன் ஆனார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய பதக்கங்களைப் பேசுகிறோம். எந்த ஆண்டு, எத்தனை ஆட்டத்தில், எத்தனை புள்ளி, எத்தனை ரீபவுண்ட் என்று இங்கே யாரும் பேசுவதில்லை. கிரிக்கெட் வீரர் ஒருவரின் ரஞ்சி சராசரியைத் தசம புள்ளியோடு சொல்லும் சிறுவன், தன் மாவட்டத்தின் சிறந்த கூடைப்பந்து வீராங்கனையின் ஓர் எண்ணைக்கூடச் சொல்ல மாட்டான். குறை சிறுவனிடம் இல்லை.

முறைப்படி நடக்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஸ்கோர் ஷீட் எழுதப்படுகிறது. அணிகளுக்கும் நகல் உண்டு. பரிசளிப்பு முடிந்த பிறகு அது பெரும்பாலும் பி.இ.டி. அறை மேசை டிராயரோடு சரி. போதாததற்கு, அதில் விழுந்த கூடையும் ஃபவுலும்தான் இருக்கும். தவறிய ஷாட்டுக்கு இடமில்லை. 20 புள்ளி எடுத்த பையன் 15 ஷாட்டில் எடுத்தானா, 35 ஷாட்டில் எடுத்தானா என்பது தெரியாமலே “சிறந்த ஆட்டக்காரர்” கோப்பையை நீட்டுகிறோம். முதலாமவன் அணியை ஜெயிக்க வைப்பவன். இரண்டாமவனுக்கு இன்னும் பயிற்சி வேண்டும். இருவரையும் ஒரே தட்டில் வைப்பது இருவருக்கும் செய்யும் அநியாயம்.

நூற்பு மில்லில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் உற்பத்திக் கணக்கு எழுதும் ஊர் ராஜபாளையம். ஓடிய நேரம், வந்த நூல், போன கழிவு எல்லாம் ரெஜிஸ்டரில் ஏறும். அதே ஒழுங்கு கோர்ட்டுக்கும் வரட்டும். செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆட முடியாமல் பெஞ்சில் இருக்கும் மாணவன் ஒருவன் போதும். பெயர், ஆடிய நிமிடம், எறிந்த ஷாட், விழுந்த ஷாட், ஃப்ரீ த்ரோ, ரீபவுண்ட், அசிஸ்ட், பிளாக், ஸ்டீல் என்று கட்டம் போட்டு ஆட்டத்தோடு ஆட்டமாகக் குறிக்கட்டும். சீசன் முடிவில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிகளும் கிளப்புகளும் அந்தக் கணக்கை ஒன்றாகத் தொகுத்து வெளியிடட்டும். பெண்கள் ஆட்டத்தையும் விட்டுவிடாமல் எழுதட்டும்.

பயிற்சியாளர்களுக்கும் பி.இ.டி. ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த குறுவட்டப் போட்டியிலேயே தொடங்குங்கள். போன ஆண்டுகளின் ஸ்கோர் ஷீட் கையில் இருந்தால், அதை எடைக்குப் போட்டுவிடாமல் இன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.