தெரிந்த முடிவின் ஆறுதல்: தருமியும் வந்தியத்தேவனும்

ஒகேனக்கல் காவிரிக்கரையில் மக்கள் திரளும் ஆடிப்பெருக்கு நாளில்தான் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ (1950–1954) தொடங்குகிறது. வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரைமீது வருகிறான். முடிவை அறிந்தோரும் அந்நாவலை மீண்டும் வாசிக்கின்றனர். அவ்வாறே, ஊர்த் திருவிழா ஒலிபெருக்கிகளில் நெடுங்காலம் ஒலித்த ‘திருவிளையாடல்’ (1965) வசனப் பதிவில் தருமியின் பகுதி வந்ததும், கேட்போர் நாகேஷை முந்திக்கொண்டு அடுத்த வரியைச் சொல்லிவிடுவர். எதிர்பாராமையே நகைச்சுவையின் மூலம் என்னும் கொள்கை இங்குப் பொருந்தவில்லை.

தருமியின் புலம்பல் வறுமையின் புலம்பல். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அவன் தாய் தந்தையற்றவன், மணம்புரியப் பொருளற்றவன். அங்கு நகைப்புக்கு இடமில்லை. ஏ.பி.நாகராஜனின் திரைவடிவமே அவ்வறுமையை நகைப்பாக்கியது. பொற்கிழி கிடைக்கும் என்று முன்பே அறிந்திருப்பதால்தான் அவன் இல்லாமையைக் கேட்டு நாம் கூசாமல் சிரிக்கிறோம். ஒலிநாடாவிலோ நாகேஷின் உடல்மொழியும் இல்லை. குரலின் ஏற்ற இறக்கமே எஞ்சுகிறது, அது காதில் தங்கிவிடுகிறது.

வந்தியத்தேவனின் இடர்களும் இத்தகையனவே. தப்புவான் எனத் தெரிந்தே அவனுக்காக அஞ்சுகிறோம். ஆதித்த கரிகாலனின் கொலை மட்டும் விலக்கு. அதன் முடிவும் தெரிந்ததே, எனினும் ஆறுதல் பிறப்பதில்லை. மறுவாசிப்பை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளுவோர் விளக்க வேண்டிய இடம் இது.